எழுதிக் கொடுக்க முடியாத உரிமை

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடுகையில் ஆற்றிய உரை)

 

செயலாளர் அவர்கள் போனில் கூப்பிட்டு, "நீ மின் பராமரிப்பில் இருக்கே, அதைப் பற்றி அரை மணி நேரம் பேசிடுப்பா" என்றார். "கரண்டு பற்றி வருஷா வருஷம் யாராவது பேசறாங்க சார். நான் கோர்ட்டு பற்றிப் பேசட்டுமா?" என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதித்தார். அவருக்கு முதலில் நன்றி.

என்ஜினீயருக்குக் கோர்ட்டில் என்ன வேலை என்று நீங்கள் நினைக்கலாம். பட்டம் வாங்கிய ஒருவன் ஊருக்குப் போனால், அவன் என்ன படித்தான் என்று யாரும் பார்ப்பதில்லை. மனு எழுத, பாங்கில் பாரம் நிரப்ப, பத்திரம் படித்துச் சொல்ல, எல்லாவற்றுக்கும் "படிச்ச பிள்ளை" அவன்தான். அப்படி ஒரு படிச்ச பிள்ளையாக நான் ஒரு தாள் எழுதினேன். அது தப்பான தாள். அதனால் தெரிந்துகொண்டதைத்தான் இன்று சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்குச் சொந்த ஊர் பாப்பாரப்பட்டி. தர்மபுரி மாவட்டத்தில், சுப்பிரமணிய சிவா தம் கடைசி நாட்களைக் கழித்து 1925இல் கண்மூடிய ஊர் என்று சொன்னால் எல்லாருக்கும் தெரியும். அங்கே என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, கல்யாணமாகிப் பதினோரு வருஷம் குழந்தை இல்லாமல் இருந்தார். மாமா மளிகைக் கடை வைத்திருக்கிறார். மாடி வீடு, கையில் நாலு காசு, எல்லாம் உண்டு. பக்கத்துக் கிராமத்தில் தூரத்து உறவில் ஒரு பெண்ணுக்கு இரண்டாவதும் பெண் குழந்தையாகப் பிறந்தது. அவள் புருஷன் பெங்களூருப் பக்கம் கட்டட வேலைக்குப் போனவன், நாலைந்து மாதமாகப் பணமும் அனுப்பவில்லை, போனும் எடுப்பதில்லை. இரண்டு குடும்பத்துக்கும் தெரிந்த ஒரு பெரியவர் நடுவில் நின்று பேசி முடித்தார். "நம்ம தம்பி இருக்கான், பக்காவா எழுதிடுவான்" என்றார் மாமா. இது 2018இல்.

எழுதினேன். இருபது ரூபாய் முத்திரைத்தாளில், "என் சுயநினைவோடும் யாருடைய தூண்டுதலும் இல்லாமலும் என் பெண் குழந்தையைத் தத்துக் கொடுக்கிறேன். இனி எனக்கோ என் கணவருக்கோ எங்கள் வாரிசுகளுக்கோ இக்குழந்தை மீது எவ்வித உரிமையும் பாத்தியதையும் இல்லை" என்று நிலப்பத்திரத்தைப் பார்த்து அதே நடையில் எழுதினேன். அந்தப் பெண் பிள்ளை பெற்றுப் பன்னிரண்டு நாள்தான் ஆகியிருந்தது. கையெழுத்துப் போடும் முன் என்னைப் பார்த்து, "அண்ணா, அப்பப்ப வந்து பாத்துக்கலாம் இல்ல?" என்று கேட்டாள். "அதெல்லாம் பாத்துக்கலாம்மா" என்றேன். ஆனால் தாளில் அதை எழுதவில்லை. மாமா செலவுக்கு வைத்துக்கொள் என்று பத்தாயிரம் நீட்டினார். "வேணாங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

ஐந்தாம் மாதம் அவள் திரும்பி வந்தாள். கூட அவள் அம்மாவும் வந்தார். புருஷன் ஊருக்கு வந்துவிட்டான், விஷயம் தெரிந்து சண்டை, தனக்கும் தூக்கமே இல்லை, பிள்ளையைக் கொடுத்துவிடுங்கள் என்றாள். அக்கா குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். மாமா பீரோவைத் திறந்து என் தாளை எடுத்துக் காட்டினார். "பாரும்மா, நீயே கையெழுத்துப் போட்டிருக்கே." எனக்கு அன்றிரவே ஓசூருக்குப் போன் வந்தது.

நம் விடுதியில் என் அறையில் இருந்தவன், என்ஜினீயரிங் முடித்துவிட்டுச் சட்டம் படித்து, இப்போது தர்மபுரியில் வக்கீலாக இருக்கிறான். பெயர் சொன்னால் எழுந்து ஓடிவிடுவான், வேண்டாம். அவனிடம் தாளைக் காட்டினேன். முழுவதும் படிக்கக்கூட இல்லை.

"மாப்ளே, இது நெலம்னு நெனச்சு எழுதியிருக்கியா? பிள்ளைடா. அப்பன் கையெழுத்து எங்கே?"

"அவன் ஊர்ல இல்லடா."

"ஊர்ல இல்லன்னா உசுரோட இருக்கான் இல்ல? அப்ப இது வெறும் தாள். சரி, பணம் ஏதாச்சும் கைமாறிச்சா?"

"மாமா கொடுத்தாரு. அந்தப் பொண்ணு வாங்கலை."

"அவ வாங்காம விட்டாளே, அதுதான் உங்க எல்லாரையும் காப்பாத்துச்சு."

அன்று அவன் சொல்லித் தந்ததும், பிறகு நானே தேடிப் படித்ததும் சேர்த்துச் சொல்கிறேன்.

முதல் விஷயம். பெற்றவர்களின் உரிமையை ரத்து செய் என்று தனியாக ஒரு மனுப் போடும் வழி நம் நாட்டுச் சட்டத்தில் இல்லை. அமெரிக்காவில் உண்டு. இங்கே மூன்று வழிகள், மூன்றும் வேறு வேறு.

ஒன்று, காப்பாளர் சட்டம். 1890இல் வந்த கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் ஆக்ட் என்பது இன்னும் நடைமுறையில் இருக்கிறது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும், யார் காப்பாளர் என்பதை அதன்படி கோர்ட்டு முடிவு செய்யும். தகப்பன் தகுதியில்லாதவன் என்று கண்டால் வேறொருவரை நியமிக்கும். ஆனால் இதனால் தகப்பன், தாய் என்ற உறவு அறுந்துபோவதில்லை. நிலைமை மாறினால் உத்தரவும் மாறலாம்.

இரண்டு, 1956ஆம் ஆண்டு இந்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம். இதில் உறவு உண்மையாகவே மாறும். தத்துக் கொடுத்த நாளிலிருந்து பிறந்த வீட்டோடு தொடர்பு அற்றுவிடும். முறையாக நடந்த தத்தைப் பிறகு யாரும் ரத்து செய்ய முடியாது. அதனால்தான் நிபந்தனைகள் கடுமை. தாய் தகப்பன் இருவரில் யார் கொடுத்தாலும் மற்றவர் சம்மதம் வேண்டும். அவர் முற்றும் துறந்த துறவியாகவோ, வேறு மதத்துக்குப் போனவராகவோ, மனநலம் இல்லாதவர் என்று கோர்ட்டு அறிவித்தவராகவோ இருந்தால்தான் விலக்கு. "போன் எடுக்கலை" என்பது இந்தப் பட்டியலில் இல்லை. பிள்ளைக்காகப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் குற்றம்.

மூன்று, 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டம். பெற்றோரால் வளர்க்க முடியாமல் ஒப்படைக்கப்பட்ட குழந்தை, கைவிடப்பட்ட குழந்தை, ஆதரவற்ற குழந்தை ஆகியோருக்கு இதுதான் வழி. மாவட்டந்தோறும் குழந்தைகள் நலக் குழு என்று ஒன்று உண்டு. ஒரு தலைவர், நான்கு உறுப்பினர். முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்குரிய அதிகாரம் அந்தக் குழுவுக்கு உண்டு.

என் தாள் இந்த மூன்றிலும் சேரவில்லை.

இப்படி ஒரு தாள் எழுதி மாட்டிக்கொண்டது நான் மட்டுமல்ல. நூறு வருஷத்துக்கு முன்னால் உலகமே அறிந்தவர் ஒருவர் மாட்டிக்கொண்டார். அன்னி பெசன்ட் அம்மையார்தான். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்ற நாராயணய்யா என்பவர், மனைவியை இழந்தவர், 1909இல் பிள்ளைகளோடு அடையாறு பிரம்மஞான சபைக்குக் குடிவந்தார். அவருடைய பையன்கள்தான் ஜே. கிருஷ்ணமூர்த்தியும் தம்பி நித்யானந்தாவும். 1910 மார்ச்சில் நாராயணய்யா, இரண்டு பையன்களுக்கும் பெசன்ட் அம்மையாரைக் காப்பாளராக ஏற்றுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பையன்கள் இங்கிலாந்து போனார்கள். தகப்பனுக்கு மனம் மாறியது. 1912இல் செங்கல்பட்டுக் கோர்ட்டில் வழக்குப் போட்டார். வழக்கு சென்னை ஹைகோர்ட்டுக்கு மாற்றப்பட்டது. தகப்பன் பக்கம் சி.பி. ராமசாமி அய்யர். அம்மையார் தம் கட்சியைத் தாமே வாதாடினார்.

1913 ஏப்ரலில் நீதிபதி பேக்வெல் பையன்களைத் தகப்பனிடம் ஒப்படைக்கச் சொன்னார். அப்பீலிலும் அதே தீர்ப்பு. அம்மையார் லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போனார். 1914இல் அங்கே அவர் ஜெயித்தார். ஆனால் ஜெயித்த காரணத்தைக் கவனிக்க வேண்டும். தகப்பன் எழுதிக் கொடுத்துவிட்டான், ஆகவே உரிமை போய்விட்டது என்று பிரிவி கவுன்சில் சொல்லவில்லை. பிள்ளையின் பாதுகாப்பு என்பது தகப்பன் கையில் உள்ள ஒரு புனிதமான பொறுப்பு, உயிரோடு இருக்கும்போது அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியாது, வளர்க்கவும் படிக்க வைக்கவும் ஒருவரிடம் விடலாம், விட்டதைத் திரும்பவும் கேட்கலாம் என்றுதான் சொன்னது. பின் ஏன் தகப்பன் தோற்றார்? வழக்குப் போட்ட முறை தவறு, இங்கிலாந்தில் இருக்கும் பிள்ளைகள் மேல் செங்கல்பட்டுக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தப் பையன்களின் விருப்பத்தை யாருமே கேட்கவில்லை என்பவைதான் காரணங்கள்.

ஆக 1914லேயே இரண்டு விஷயம் தெளிவாகிவிட்டது. பெற்றவர் உரிமை எழுதிக் கொடுக்கிற சொத்து அல்ல. அதே சமயம், பெற்றவர் கேட்டார் என்பதற்காகப் பிள்ளையைத் தூக்கிக் கொடுத்துவிடவும் முடியாது. 1973இல் சென்னையிலிருந்து போன ரோஸி ஜேக்கப் வழக்கில் உச்ச நீதிமன்றமும் இதையே அழுத்திச் சொன்னது. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையும் இல்லை, விளையாட்டுப் பொருளும் இல்லை, பிள்ளையின் நலன்தான் கடைசி அளவுகோல் என்பது அதன் சாரம். இந்த வழக்கு இன்றும் கோர்ட்டில் தினமும் எடுத்துக் காட்டப்படுகிறது.

சரி, நலன் என்றால் என்ன? வசதியா? நானும் அப்படித்தான் நினைத்தேன். அங்கேதான் எனக்கு இரண்டாவது அடி விழுந்தது.

வக்கீல் நண்பன் சொன்னபடி நாங்களே குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் போய் உண்மையைச் சொன்னோம். அந்தப் பெண்ணும் புருஷனும் வந்தார்கள். விசாரணை முடியும்வரை குழந்தை ஒரு காப்பகத்தில் இருக்க வேண்டியதாயிற்று. பதினெட்டு நாள். வளர்த்தவளும் பக்கத்தில் இல்லை, பெற்றவளும் பக்கத்தில் இல்லை. நான் எழுதிய ஒரு தாளுக்கு அந்த ஐந்து மாதக் குழந்தை கொடுத்த விலை அது. இன்றும் அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்காது.

விசாரணையில் நான் அக்கா பக்கம் பேசினேன். மாடி வீடு, கடை வருமானம், சேமிப்பு, ஆஸ்பத்திரிச் செலவுக்குக் காப்பீடு என்று வரிசையாகச் சொன்னேன். அந்தப் பெண்ணின் வீடு சிமெண்ட் ஷீட்டு போட்ட ஒற்றை அறை என்றும் சொன்னேன். உறுப்பினராக இருந்த ஒரு அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"தம்பி, வசதியை வச்சுப் பாத்தா இந்த மாவட்டத்துல எத்தனை பேர் வீட்டுல இருந்து பிள்ளைகளை எடுக்கணும், சொல்லுங்க?"

நான் பதில் பேசவில்லை. அந்த அம்மா என்னிடம் கேட்டது ஒரு கேள்வி. ஆனால் அவர்கள் பெற்றவளிடம் கேட்டவை பத்து இருக்கும். பிள்ளையை ஏன் கொடுத்தாய்? அப்போது உடம்பு எப்படி இருந்தது? பக்கத்தில் யார் இருந்தார்கள்? புருஷன் அடிப்பானா, குடிப்பானா? பெரிய பெண் ஒழுங்காகப் பால்வாடிக்குப் போகிறாளா? தடுப்பூசி அட்டை இருக்கிறதா? வேலைக்குப் போனால் யார் பார்த்துக்கொள்வார்கள்? புருஷனைத் தனியாகக் கூப்பிட்டும் கேட்டார்கள். வீட்டுக்கே ஆள் போய்ப் பார்த்து அறிக்கை கொடுத்தது. எந்த வீடு பெரியது என்பது கேள்வியே இல்லை. பிறந்த வீட்டில் பிள்ளைக்கு ஆபத்து இருக்கிறதா, குறை இருந்தால் உதவி செய்து சரிப்படுத்த முடியுமா என்பவைதான் கேள்விகள். முடியாது என்று தெரிந்தால்தான் அடுத்த பேச்சு. பிள்ளையைச் சொந்தக் குடும்பத்தோடு சேர்ப்பதே முதல் வேலை, காப்பகம் கடைசி வழி என்று சட்டத்தின் அடிப்படைக் கோட்பாடுகளிலேயே எழுதியிருக்கிறது. இப்போது மிஷன் வாத்சல்யா திட்டத்தில், தகுதியுள்ள குடும்பத்துக்குப் பிள்ளையை வீட்டிலேயே வைத்து வளர்க்க மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை இருப்பதும் இதற்காகத்தான்.

பெரிய கோர்ட்டுகளும் இப்படித்தான் பார்க்கின்றனவா? இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன். 2019 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன மகாராஷ்டிர வழக்கு ஒன்று. கர்ப்பமாக இருக்கும்போதே தாய்க்குப் புற்றுநோய். தகப்பனுக்குக் காசநோய் மூளைக்காய்ச்சலாகி அவரும் ஆஸ்பத்திரியில். குழந்தையைத் தாயின் சகோதரிகள் எடுத்து வளர்த்தார்கள். தாய் இறந்துபோனார். தகப்பன் குணமாகி வந்து பிள்ளையைக் கேட்டார். சித்திகள் அன்பாகத்தான் வளர்த்தார்கள், அதில் சந்தேகம் இல்லை. ஆனாலும் நோயால் விட்டதைக் கைவிட்டதாகக் கொள்ள முடியாது, தகப்பன் தகுதியில்லாதவர் என்பதற்குச் சான்று எதுவும் இல்லை என்று பிள்ளை தகப்பனிடம் போயிற்று. சித்திகள் வந்து பார்க்கவும் வழி செய்தார்கள்.

இன்னொன்று 2008இல் வந்தது, கல்கத்தா வழக்கு. தாய் இறந்துபோனாள். வரதட்சணை மரணம் என்று தகப்பன் மேல் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பையன் தாத்தா பாட்டியிடம் இருந்தான். இயற்கைக் காப்பாளர் தகப்பன்தானே என்று கீழ்க்கோர்ட்டும் ஹைகோர்ட்டும் அவனைத் தகப்பனிடம் கொடுக்கச் சொல்லிவிட்டன. உச்ச நீதிமன்றம் மாற்றியது. அப்படிப்பட்ட குற்றச்சாட்டு நிலுவையில் இருக்கும்போது அதைப் பார்க்காமல் எப்படி முடிவு செய்தீர்கள், பையனின் விருப்பத்தை ஏன் கணக்கில் எடுக்கவில்லை என்று கேட்டது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முன்னதில் பெற்றவர் ஜெயித்தார், பின்னதில் தோற்றார். ஆனால் கேள்வி ஒன்றே. இவர் பொறுப்பைச் சுமக்கக்கூடியவரா, இவரிடம் பிள்ளை பத்திரமாக இருக்குமா?

இனி, உறவை நிரந்தரமாகத் துண்டிக்க வேண்டிய நிலை. அப்படி ஒரு நிலையே வராது என்று நான் சொல்லவில்லை. நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும். பெண் சிசுக்கொலைக்குப் பெயர் கெட்டுப்போன மாவட்டங்களில் நம்முடையதும் ஒன்று. 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001இல் தர்மபுரிக்கும் வந்தது. கொல்லாதே, தொட்டிலில் போட்டுவிட்டுப் போ என்று அரசாங்கமே சொல்ல வேண்டியிருந்தது. அந்தத் தொட்டிலில் வந்த பிள்ளைகளுக்கு ஒரு தாய் தகப்பன் வேண்டும் என்றால், பழைய உறவைச் சட்டப்படி முடித்துவைக்கத்தான் வேண்டும்.

அதை எப்படிச் செய்கிறார்கள்? பெற்றவர்கள் தாங்களே ஒப்படைக்க வந்தால், முதலில் ஆலோசனை. வளர்க்க வழியுண்டா என்று பேசிப் பார்ப்பார்கள். பிறகு குழுவின் முன்னிலையில் ஒப்படைப்புப் பத்திரம். கையெழுத்துப் போட்டதோடு முடிந்துவிடாது. இரண்டு மாதம் யோசிக்க அவகாசம். அதற்குள் மனம் மாறினால் பிள்ளையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். கைவிடப்பட்ட குழந்தை என்றால் செய்தித்தாளில் விளம்பரம், போலீஸ் மூலம் தேடுதல், விசாரணை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு இரண்டு மாதம், அதற்கு மேற்பட்ட பிள்ளைக்கு நான்கு மாதம் என்று காலக்கெடு. அதன் பிறகு குறைந்தது மூன்று உறுப்பினர்கள் சேர்ந்து, இந்தக் குழந்தை தத்துக்குச் சட்டப்படி தடையற்றது என்று அறிவிக்க வேண்டும். அதற்கப்புறம்தான் தத்து கேட்டுப் பதிந்து காத்திருப்பவர்களுக்கு வரிசைப்படி தகவல் போகும். கடைசித் தத்து ஆணையை முன்பு கோர்ட்டு பிறப்பித்தது. 2022 செப்டம்பர் முதல் அந்த அதிகாரம் மாவட்ட ஆட்சியரிடம் தரப்பட்டது. பிறந்த வீட்டு உறவு அறுந்து, புது உறவு பிறப்பது அந்த ஆணையின் தேதியில்தான்.

இன்னொரு விஷயமும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த விசாரணையின்போது பெற்றவர் மேல் எப்.ஐ.ஆர். போடக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. ஜெயிலுக்குப் பயந்துகொண்டு ஒருத்தி பிள்ளையைக் குப்பைத்தொட்டியில் போட வேண்டியதில்லை.

இந்த அவகாசம் திடீரென்று வந்ததல்ல. 1982இல் லட்சுமிகாந்த் பாண்டே என்ற வக்கீல், வெளிநாட்டுக்குத் தத்துப் போகும் இந்தியக் குழந்தைகள் படும் பாட்டை உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதமாக எழுதினார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1984இல் நீதிபதி பகவதி நெறிமுறைகள் வகுத்தார். பெற்றவளுக்கு விவரம் முழுக்கப் புரிய வைக்க வேண்டும், ஆசை காட்டியோ நெருக்கியோ சம்மதம் வாங்கக் கூடாது, மனம் மாற அவகாசம் தர வேண்டும் என்பதெல்லாம் அதிலிருந்து வந்தவைதான்.

நான் வேலை பார்க்கும் இடத்தில் ஒரு லைனில் கை வைக்க வேண்டும் என்றால் லைன் கிளியர் வாங்க வேண்டும். யார் நிறுத்தினார், எத்தனை மணிக்கு, யார் சோதித்தார் என்று எழுத்தில் இருக்கும். எர்த் ராடு மாட்டாமல் ஒருவரும் ஏற மாட்டார்கள். அவசரம், தெரிந்தவர், நல்ல மனுஷன் என்பதெல்லாம் அங்கே செல்லாது. தவறு நடந்தால் திருப்ப முடியாது என்பதால்தான் அந்தக் கண்டிப்பு. ஒரு மோட்டாருக்கு இவ்வளவு பார்க்கிற நான், ஒரு பிள்ளையின் உறவைத் துண்டிக்க இருபது ரூபாய்த் தாளும் அரை மணி நேரமும் போதும் என்று நினைத்தேனே!

வெளிநாட்டிலும் இந்தப் பயம் உண்டு. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1982இல் நியூயார்க் வழக்கு ஒன்றில், பெற்றோர் உரிமையை முடிக்க ஒரு பக்கம் சற்றே கனமாக இருந்தால் போதாது, தெளிவான, நம்பத்தக்க சான்று வேண்டும் என்றது. பிரிட்டனின் உச்ச நீதிமன்றம் 2013இல், பெற்றோர் விருப்பத்தை மீறித் தத்துக் கொடுப்பது வேறு எந்த வழியும் இல்லாதபோதுதான் என்றது. அதே சமயம் அமெரிக்காவில் 1997இல் வந்த சட்டம், கடைசி 22 மாதங்களில் 15 மாதம் பிள்ளை அரசின் பராமரிப்பில் இருந்துவிட்டால், சில விலக்குகள் தவிர, உரிமையை முடிக்க மனுப் போட வேண்டும் என்கிறது. பெற்றவர் திருந்தும்வரை பிள்ளை வளராமல் காத்திருக்காதே என்பது அவர்கள் வாதம். அதிலும் நியாயம் இருக்கிறது. பெற்றவருக்கு அவகாசம், பிள்ளைக்கு அவசரம். எந்த நாட்டு நீதிபதிக்கும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வேலை.

எங்கள் விஷயம் எப்படி முடிந்தது என்று கேட்பீர்கள். குழந்தை பெற்றவளிடமே போயிற்று. ஆறு மாதம் வீட்டுக்கு வந்து பார்ப்போம் என்று குழு சொன்னது, வந்தும் பார்த்தார்கள். அக்கா என்னோடு ஒரு வருஷம் பேசவில்லை. மாமா பேசினார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் எழுதாமல் இருந்திருந்தால் அக்காவுக்கு அந்த ஐந்து மாதம் கிடைத்திருக்காது, அந்த இழப்பும் கிடைத்திருக்காது. பிறகு நானும் வக்கீல் நண்பனும் அவர்களை உட்கார வைத்துப் பேசி, மத்திய தத்தெடுப்பு ஆணையத்தின் இணையதளத்தில் முறைப்படி பதிவு செய்தோம். வீட்டாய்வு முடிந்து, நாலு வருஷத்துக்கு மேல் காத்திருந்து, வேறு மாவட்டத்திலிருந்து ஒன்றரை வயதுப் பையன் வந்தான். ஆணை கைக்கு வந்த அன்று அக்கா சந்தோஷத்தில் இருப்பார் என்று போன் போட்டேன். அவர் கேட்டது இதுதான்:

"தம்பி, இவனைப் பெத்தவ எங்கியோ உக்காந்து ரெண்டு மாசம் யோசிச்சிருப்பா இல்ல?"

"அவனோட விவரம் நமக்குத் தெரியாதுக்கா. தானே ஒப்படைச்சிருந்தா, யோசிச்சிருப்பாங்க" என்றேன்.

"அப்பச் சரி" என்றார்.

அந்தப் பெண் குழந்தை இப்போது இரண்டாம் வகுப்புப் படிக்கிறாள். தீபாவளிக்கு அக்கா பாவாடை சட்டை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். அவள் அம்மா ஒரு தடவைகூட வேண்டாம் என்று சொன்னதில்லை. அன்று என்னிடம் அவள் கேட்டது, நான் தாளில் எழுதாமல் விட்டது, அதை அவளே என் அக்காவுக்குக் கொடுத்திருக்கிறாள்.

தம்பி தங்கைகளே, நீங்களும் நாளைக்கு உங்கள் ஊரில் படிச்ச பிள்ளையாக இருப்பீர்கள். உங்களிடமும் ஒரு தாளை நீட்டுவார்கள். 2019இல் நாமக்கல் மாவட்டம் ராசிபுரத்தில் குழந்தைகளை விற்ற வழக்கு வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. அங்கே நடந்தது வியாபாரம். எங்கள் வீட்டில் நடந்தது பாசம். ஆனால் எழுதுகிற தாள் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். ஆகவே எழுதாதீர்கள். கஷ்டத்தில் இருக்கும் தாய் என்றால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைச் சொல்லுங்கள். மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னால் அழைத்துப் போங்கள். குழந்தைக்கு ஏங்கும் தம்பதி என்றால் பதிவு செய்ய உதவுங்கள். காத்திருப்பு நீளம்தான். அந்த நீளத்தில்தான் யாரோ ஒரு தாய்க்கு யோசிக்க நேரம் கிடைக்கிறது.